ஒரு கோழியில் தொடங்கும் கணக்கு

செமோர் சந்தையில் வாங்கும் இறைச்சிக் கோழி பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால் அதன் குடலில் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா தங்கியிருக்கலாம். கோழிக்கு அதனால் பெரும்பாலும் தொல்லையில்லை. மனிதருக்கோ காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அரிதாகக் கைகால்களை முடக்கும் நரம்பு நோயும் வரலாம்.

கோழியிடம் அறிகுறியே தெரியாதபோது, தொற்று பரவும் வேகத்தை எப்படி அறிவது? இங்குதான் கணிதம் உதவுகிறது. கொட்டகைக் கோழிகளைத் தொற்றியவை, தொற்றாதவை என இரண்டாகப் பிரித்து, பரவும் வேகத்தை ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். 2009-இல் வெளியான ஆய்வின்படி, தொற்றிய ஒரு கோழி நாளொன்றுக்குச் சராசரியாக 2.37 கோழிகளுக்குத் தொற்றைத் தருகிறது. புதிதாகத் தொற்றியவையும் பரப்பத் தொடங்குவதால், இது வட்டிக்கு வட்டி போலப் பெருகுகிறது. 20,000 கோழிகள் உள்ள கொட்டகையில் ஒரே கோழியில் தொடங்கும் தொற்று 4.4 முதல் 7.2 நாள்களுக்குள் 95 விழுக்காட்டை எட்டிவிடும்.

இதில் பண்ணையாளருக்கு ஒரு பாடம் உண்டு. தொற்று உள்ளே வந்தபின் தடுக்க நேரமில்லை. வாசலிலேயே தடுக்க வேண்டும். கொட்டகைக்கெனத் தனிக் காலணி, ஈக்களை அண்டவிடாத வலை, கோழி பிடிக்க வருவோரின் கூடைகளில் தூய்மை ஆகியவை அவசியம். விற்பனைக்கு இரண்டொரு நாள் முன்வரை தொற்றைத் தள்ளிவைத்தாலே, பெரும்பாலான கோழிகள் தப்பும்.

இல்லத்தரசிகளுக்கும் கடமையுண்டு. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி நாலாபுறமும் தெறிக்கும். நன்கு வேகவைத்தால் அது மடிந்துவிடும்.