வீட்டுக் கணக்கு - 7: மாவு தீர்ந்தது யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி. ஃப்ரிட்ஜைத் திறந்தால், மாவுப் பாத்திரத்தின் அடியில் வழித்தால் ஒரு தோசைக்குத் தேறலாம் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"மாவு இல்லியா? சொல்லியிருந்தா கடைக்குப் போனப்பவே ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்திருப்பேனே!" என்கிறார் கணவர்.

வாங்கி வந்திருப்பார்தான். முகம்கூடச் சுளித்திருக்க மாட்டார். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில், காய் நறுக்குவது, துணி காயப்போடுவது, பாத்திரம் கழுவுவது என்று இறங்கிச் செய்கிற ஆண்கள் இன்று அபூர்வம் இல்லை. சிக்கல் அந்தச் 'சொல்லியிருந்தா'வில் இருக்கிறது.

திங்கள் காலை ஏழு மணிக்கு இட்லித்தட்டு அடுப்பில் ஏற வேண்டுமா? மாவு பொங்கி வர எட்டு மணி நேரமாவது வேண்டும்; மார்கழியில் இன்னும் கூடுதலாக. அப்படியானால் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்திருக்க வேண்டும். அதற்கு மாலை நான்கு மணிக்கு முன்பே அரிசியும் உளுந்தும் வெந்தயமும் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். உளுந்து டப்பாவில் எவ்வளவு கிடக்கிறது என்று காலையிலேயே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். கிரைண்டர் சுற்றுவது முக்கால் மணி நேரம். அதைச் சுற்றவைக்கும் நினைப்போ ஞாயிற்றுக்கிழமை காலைக் காபியோடு தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒரே ஒருவர் தலைக்குள்.

சென்ற வாரக் கட்டுரை கிரைண்டரோடுதான் நின்றது. 1955-ல் கோவையில் சபாபதி என்பவர் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 2011-ல் தமிழக அரசே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆட்டுக்கல்லில் தேய்ந்த தோள்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. ஆனால் இயந்திரம் கையிலிருந்து வாங்கிக்கொண்ட வேலையை மனதிலிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல் எழுதிய நூலுக்கு வைத்த பெயரே 'அம்மாவுக்கு இன்னும் வேலை' என்று பொருள்படும். அடுப்பு நவீனமானபோது முதலில் காணாமல்போனது ஆண்கள் செய்துவந்த விறகு வெட்டும் வேலை என்பது அவர் காட்டும் வேடிக்கை. சமைப்பது அப்படியே இருந்தது. நம் ஊரிலும் விறகு பிளந்து போட்டுக்கொண்டிருந்தவர், சிலிண்டர் வந்ததும் பேப்பரோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019-லும் 2024-லும் கணக்கெடுத்தது. 2024 கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019-ல் இவை 299, 97. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்களும் ஒன்பது நிமிடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டார்கள்!

'பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே' என்று நினைத்தால் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த 88 நிமிடம், வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி. அன்றைக்குக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான். மீதி 73 பேர் ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை. பெண்களில் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 81 பேர்.

கணக்கெடுத்த விதமும் சுவையானது. விடிகாலை நான்கு மணி தொடங்கி மறுநாள் நான்கு மணிவரை, ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்களுக்குப் பொருத்தமான தொடக்க நேரம்தான். ஆனால் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து 'உளுந்து இருக்கா?' என்று நினைத்த பத்து விநாடியை எந்தத் துண்டில் எழுதுவது? பயணம் என்றுதான் எழுதுவார்கள்.

அந்தப் பத்து விநாடிகளைத் தேடிப் போனவர் ஆய்வாளர் ஆலிசன் டாமிங்கர். 35 தம்பதிகளிடம் பேசி அவர் 2019-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, வீட்டைப் பற்றிய யோசனையை நான்காகப் பிரிக்கிறது: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. இதில் முடிவெடுப்பதில் மட்டும் கணவனும் மனைவியும் ஏறக்குறைய சேர்ந்தே நிற்கிறார்கள். முதலும் கடைசியும் பெரும்பாலும் பெண்கள் தலையில். எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம் என்ற விவாதத்தில் கணவர் ஷோரூமில் முழுமூச்சாக இருப்பார். சோப்புத்தூள் தீரப்போகிறது என்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

பிரெஞ்சு கார்ட்டூனிஸ்ட் எம்மா 2017-ல் இதையே ஒரு படக்கதையாக வரைந்தார். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கேட்டிருக்கலாமே'. நம் ஞாயிற்றுக்கிழமைக் கணவருடைய வசனத்துக்கு நெருங்கிய சொந்தம்தான். உலகம் முழுக்கச் சுற்றியது அந்தப் படக்கதை.

நீதிமன்றத்துக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. கணவர் சவூதியில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, அப்படிச் சேர்ந்த சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டு என்றார். இல்லத்தரசியின் வேலைகளை அடுக்கியபோது, சமையலோடு சேர்த்து, திட்டமிடுவது, ஒழுங்குபடுத்துவது, வரவு செலவு பார்ப்பது என்று நிர்வாகத் திறனையும் அவர் எண்ணினார்.

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வீடுகளில் இந்த நினைப்பின் சுமை தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். காலை ஆறேகாலுக்கு, "அக்கா, இன்னிக்கு வர முடியல" என்ற அழைப்பு யார் போனுக்கு வருகிறது? அந்த நொடியே டிபனை மாற்றி, சின்க்கில் கிடக்கும் பாத்திரத்தையும் அலுவலகம் கிளம்பும் நேரத்தையும் கூட்டிக் கழிப்பது யார்? பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் 'நாளை பச்சை நிற உடை' அறிவிப்பைப் பார்ப்பவரும் அவரேதான். விடுப்பு சொன்ன பெண்ணின் வீட்டிலும் இதே கணக்கு, இன்னும் இறுக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

சில வீடுகள் வேறொரு வழியில் இறங்கிப் பார்த்திருக்கின்றன. வேலையைப் பிரித்தால் அதன் நினைப்பையும் சேர்த்தே கைமாற்றுவது. பாத்ரூம் ஒருவருடையது என்றால் தேய்ப்பதோடு முடியாது. கறை படிந்ததைத் தானே பார்க்க வேண்டும், பிரஷ் தேய்ந்தால் புதிது வாங்க வேண்டும், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். "இந்த வாரம் பாத்ரூம் கழுவலியா?" என்று இன்னொருவர் கேட்கும்படி வைத்தால், பாதி வேலை அந்தக் கேட்டவரிடமே திரும்பிவிட்டது.

இதில் மனைவிமார்களுக்கும் ஒரு சோதனை உண்டு. "நீங்க தேய்ச்சா ஓரமெல்லாம் அப்படியே இருக்கு, விடுங்க, நானே பண்ணிக்கிறேன்" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்ட வீடுகளில் ஏற்பாடு இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிடுகிறது. ஓரம் கொஞ்ச நாளைக்கு அழுக்காகத்தான் இருக்கும். மாமியார் வந்து பார்த்தால் பேச்சு மகனுக்குப் போகாது, மருமகளுக்குத்தான் வரும். பிடுங்கத் தூண்டுவதே அந்தப் பயம்தான்.

எனவே இந்த வாரம் ஒரு பரீட்சை. மாவை மட்டும் முழுசாகக் கைமாற்றிவிடலாம்: உளுந்து வாங்குவதிலிருந்து கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பது வரை. விதி ஒன்றே ஒன்று. நான்கு மணி ஆனாலும் ஐந்து மணி ஆனாலும் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. மறந்துபோனால் திங்கள்கிழமை உப்புமா. அதையும் மறந்தவரே கிண்ட வேண்டும், ரவை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்காமல்.

(தொடரும்)