துருவுக்கும் ஒரு பற்று நோட்டு

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கடல் வெகு தொலைவு. புகை கக்கும் ஆலையும் மலையில் இல்லை. ஆனாலும் எஸ்டேட் இரும்பு கேட் துருவேறி உரிகிறது. ஒரே நாளில் துருவை அளக்கும் கருவி வந்துவிட்டது என்கிறார்களே, எங்களுக்கு அது உதவுமா?"

முதல் பாதிக்கு விடை, பனிமூட்டம். உலோகம் துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் அதன்மேல் படிந்துவிடும். படலம் மெல்லியது என்பதால் ஆக்சிஜன் அதைச் சட்டென்று கடந்து இரும்பைத் தொடுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் வாசலுக்கே வரும் மாதங்களில், அந்தப் படலம் எளிதில் காய்வதில்லை.

இரண்டாம் பாதிக்குச் சிறிது வரலாறு தேவை. மூடிய பாத்திரத்தில் ஈர இரும்புத்தூள் காற்றின் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதை 18-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர் ஷீலே கவனித்தார். ஆனாலும் துருவை அளக்க நிலைத்த வழி எடைபோடுவதுதான். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்துக் கடற்காற்றில் தகடுகளை நிறுத்திவைத்து, பிறகு துருவை நீக்கி எடை இழப்பைக் கணக்கிடுகிறது. நம்பகமான முறை, மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும்.

புதிய முறை உலோகத்தைத் தொடுவதேயில்லை. ஒரு குடும்பம் எவ்வளவு சாப்பிடுகிறது என்று அறிய வீட்டாரைத் தராசில் ஏற்ற வேண்டுமா? மளிகைக் கடைப் பற்று நோட்டைப் பார்த்தால் போதும். மூடிய குடுவைக்குள் இருக்கும் காற்றுதான் இங்கே கடை. உள்ளே கிடக்கும் இரும்பு, ஆக்சிஜனைப் பற்றில் வாங்கிக்கொண்டே இருக்கும் வீடு. கடையில் சரக்கு குறையக் குறைய, குடுவையின் அழுத்தம் இறங்கும்.

இதில் என்னை மயக்குவது அளவுதான். 1 மில்லிகிராம் இரும்பின் பருமன் 0.13 கன மில்லிமீட்டர். அது முழுதும் துருவாக விழுங்கும் ஆக்சிஜனோ, ஏற்காட்டின் மெலிந்த காற்றில், கிட்டத்தட்ட 0.4 மில்லிலிட்டர், இரும்பைப்போல் மூவாயிரம் மடங்கு! 100 மில்லிலிட்டர் குடுவையில் அழுத்தம் 3 மில்லிபாருக்கு மேல் குறையும். செல்போனுக்குள் இருக்கும் அழுத்த உணரியே இதைக் கண்டுபிடித்துவிடும். ஆண்டுக்கு 25 மைக்ரான் தேயும் எஃகில், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒரு நாளில் இழப்பது சுமார் அரை மில்லிகிராம். ஆகவே ஒரே நாளில் அளக்கலாம் என்பது வெறும் பேச்சல்ல.

எல்லா வீடும் வாங்குவதோடு நிற்பதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில் தோண்டும் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மெக்னீசியத்தின் தாது. அந்த உலோகம் ஈரத்தில் அரிக்கும்போது நீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளிவிடும். 1 மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டருக்கும் சற்றுக் கூடுதலாக. கூடவே ஆக்சிஜனையும் எடுக்கும். அரிசியைப் பற்றில் வாங்கி, வீட்டுக் கோழிமுட்டையைக் கடைக்கே விற்கும் குடும்பம் அது. கடைச் சரக்கின் மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றலாம். பற்றும் வரவும் தனித்தனிப் பத்தியில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரெப்ல், விர்டானன் குழுவினர் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத்தான் செய்தார்கள்: அழுத்த உணரியோடு ஆக்சிஜன் உணரியையும் வைத்து, இரண்டு வாயுக் கணக்கையும் பிரித்தார்கள்.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இனிமேல்தான். குடுவை 1 டிகிரி சூடானால் போதும், மூடிய காற்று விரிய முயல்வதாலும் நீராவி கூடுவதாலும் அழுத்தம் 4 மில்லிபாருக்கு மேல் ஏறும். ஒரு மில்லிகிராம் இரும்பின் கணக்கு அதில் மறைந்துவிடும். துத்தநாகத் தகட்டின் கதை இன்னும் சிக்கல். திறந்த வெளியில் அது கார்பன் டை ஆக்சைடை எடுத்துக் காப்புப் படலம் ஒன்றை மெல்ல வளர்த்துக்கொள்கிறது. 100 மில்லிலிட்டர் காற்றில் அந்த வாயு இருப்பதே 0.04 மில்லிலிட்டர். அது தீர்ந்தபின் குடுவைத் தகடு, கூரைத் தகட்டைப்போல் நடக்காது. துருவைக் கழுவும் மழையும் குடுவைக்குள் பெய்யாது.

ஆக, வாசகரே, இந்தக் கருவி சொல்வது இன்றைய வேகத்தை, கேட்டின் ஆயுளையல்ல. இந்த உலோகமா அந்த உலோகமா என்று ஒப்பிட இதைவிட வேகமான வழி அரிது. உங்கள் கேட் எத்தனை ஆண்டு நிற்கும் என்று அறிய, எடைபோட்ட தகடுகளை எஸ்டேட்டிலேயே தொங்கவிடுவதுதான் வழி. ஆயுளே சொல்லும் என்று யாராவது கருவி விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: வெப்பநிலையை எப்படி நிலையாக வைத்தீர்கள்? ஆக்சிஜனைத் தனியே அளந்தீர்களா? எத்தனை மழைக்காலம் வெளியில் வைத்துச் சரிபார்த்தீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.