வளைகுடாவில் கல்லூரி – 7: இரண்டு ‘இ’

ஷார்ஜாவில் 1997-ல் தொடங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைப் போல, அமெரிக்க முறையில் நடக்கும் வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர் எல்லாப் பாடத்திலும் தேறினால் மட்டும் போதாது. மொத்த கிரேடு சராசரி, அதாவது சி.ஜி.பி.ஏ., 4-க்கு 2.0-ஆவது இருக்க வேண்டும். குறைந்தால் ‘அகாடமிக் புரொபேஷன்’.

கணக்கு எளிது. தலா 3 கிரெடிட் கொண்ட ஐந்து பாடங்களில் ஒருவர் ஒரு ‘பி’, இரண்டு ‘சி’, இரண்டு ‘டி’ வாங்குகிறார். புள்ளிகள் 3, 2, 2, 1, 1. கூட்டினால் 9, ஐந்தால் வகுத்தால் 1.8. ஒரு பாடத்தில்கூட ஃபெயில் இல்லை, ஆனாலும் புரொபேஷன். தமிழ்நாட்டில் அரியர் எழுதித் தேறிப் பழகிய பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. அங்கே கேள்வி ‘எத்தனை அரியர்?’ என்பதுதான். இங்கே அரியரே இல்லாதவரும் சிக்கலாம்.

இந்த விதி மிகத் துல்லியமாகத் தெரியும் இடம், 2000-ல் துபாய்க்கு வந்த பிட்ஸ் பிலானி. அங்கே அளவுகோல் 10 புள்ளி. ‘ஏ’க்கு 10, ‘டி’க்கு 4, கடைசியில் நிற்கும் ‘இ’க்கு 2. ‘இ’ தோல்வி அல்ல. அதற்கு அந்த நிறுவனம் தரும் பொருள் ‘எக்ஸ்போஸ்டு’: பாடம் மாணவரின் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவே. ஒரு செமஸ்டரில் ஒரு ‘இ’ வரலாம். இரண்டு வந்தால் மாணவர் அகாடமிக் கவுன்சலிங் போர்டின் பொறுப்புக்குள் போகிறார். சி.ஜி.பி.ஏ. 4.5-க்குக் கீழே இறங்கினாலும், அதுவரை முடித்திருக்க வேண்டிய பாடங்களை முடிக்க வழக்கமான காலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடுத்தாலும் இதே நிலைதான்.

இந்த ‘இ’ எழுத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரி 1897-ல் மதிப்பெண்ணுக்கு எழுத்துகளைக் கொண்டுவந்தபோது, 75-க்குக் கீழே வாங்கியவருக்கு ‘இ’, அது தோல்வி. மறு ஆண்டே கல்லூரி அளவுகளை மாற்றியது. ‘இ’ 75 முதல் 79 வரை எனத் தேர்ச்சிக்குள் வந்தது. தோல்விக்கு ‘எஃப்’ வந்தது. பின்னாளில் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ‘இ’யைக் கைவிட்டு, ‘டி’யிலிருந்து நேரே ‘எஃப்’புக்குத் தாவின. அங்கே காணாமல்போன எழுத்து பிலானி வழியாகத் துபாயில், தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவில், இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

புரொபேஷன் என்பது வெளியேற்றம் அல்ல. பொதுவாக அடுத்த செமஸ்டரில் எடுக்கும் பாடங்களைக் குறைப்பார்கள். ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு நடக்காது. முதலாண்டு முக்கியமாவதும் கணக்கால்தான். 1.8-ஐ ஒரு செமஸ்டர் கழிந்ததும் சரிசெய்ய, சம அளவு பாடங்களில் 2.2 போதும். மூன்று செமஸ்டர் அதே 1.8-ல் ஓடிவிட்டால் நான்காவதில் 2.6 வேண்டும். கிரெடிட் சேரச் சேரச் சராசரி கனத்துவிடும், எளிதில் நகராது. தாழ்ந்த கிரேடு வந்த பாடத்தை மறுபடி எடுக்கப் பல பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. அந்த வாய்ப்பை முதலாண்டிலேயே பயன்படுத்துவது நல்லது.

செமஸ்டர் ரிசல்ட் வரும் வீடுகளில் ‘பாஸா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் சி.ஜி.பி.ஏ. எவ்வளவு என்றும் பெற்றோர் கேட்க வேண்டும்.