உட்கார்ந்து வாசித்த நாயனம்

தஞ்சைப் பக்கத்தில் நாகஸ்வரத்துக்கு நாயனம் என்றுதான் பேர். சாமி புறப்பாடு, கல்யாண ஊர்வலம் எதுவானாலும் நடந்துகொண்டோ நின்றுகொண்டோதான் அன்று வாசிக்க வேண்டியிருந்தது. மிராசுதார் எதிரே வந்தால் மேல்துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டியிருந்தது.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை அதற்கெல்லாம் மசியவில்லை. கிராப்பு வெட்டி, கோட்டும் பூட்ஸுமாகக் காரில் வந்து இறங்கினார். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டார்.

1956 டிசம்பரில் அவர் காலமானார். அதே மாதம் அமெரிக்காவில் ஜெர்ரி லீ லூயிஸ் என்ற 21 வயதுப் பையனின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு, நின்றபடி பியானோவை அடித்துப் பேர் வாங்கியவர் அவர். ராக் அண்ட் ரோல் பியானோக்காரருக்கு எழுந்து நிற்பது கலகம் என்றால், காவிரிக்கரை நாயனக்காரருக்கு உட்காருவதே கலகமாக இருந்தது.

1898-ல் திருமருகலில் பிறந்த ராஜரத்தினம் முதலில் கற்றது பாட்டு, பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம். நாயனம் பிறகுதான் கைக்கு வந்தது. பாடகரின் மூச்சோடு அவர் தோடி ராகத்தை விரித்ததற்கு அந்தப் பயிற்சியே காரணமாக இருக்க வேண்டும். கிராமபோன் வைத்திருந்தவர்கள் அவருடைய தோடித் தட்டைத் தேடி வாங்கினார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

அந்த விரிவான ஆலாபனைக்குப் பழைய 'திமிரி' நாயனம் தோதாக இல்லை. குட்டையான குழல், உச்ச சுருதி. தேரோடும் வீதிக்கு எடுக்கும், சபைக்குள் காதைக் குத்தும். சுத்த மத்யம ஸ்வரத்தையும் ஊதும் விதத்தால் சரிக்கட்ட வேண்டியிருந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான, சுருதி தணிந்த 'பாரி' நாயனத்தைச் செய்து கொடுத்தார். அங்கே நாயனம் கடைவது ஆச்சா மரத்தில்; அதுவும் பழைய வீடுகளின் உத்தரம், தூண் என்று பல காலம் காய்ந்த மரமாகத் தேடுவார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' (1940) படத்தில் பிள்ளைதான் கதாநாயகன். 1947 ஆகஸ்ட் 14 அன்று நேருவிடம் செங்கோல் கொடுக்க டெல்லி சென்ற திருவாவடுதுறை ஆதீனக் குழுவிலும் அவர் நாயனம் ஒலித்தது. கோபமும் ஊதாரித்தனமும் அதே அளவுக்குப் பிரசித்தம்; அந்தக் கதைகளில் பாதியை நம்பலாம்.

சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு வாசித்தபோது, சபா வாசலையே மிதிக்காதவர்களும் அந்த பாணியைக் கேட்டார்கள்.