கண்ணுக்குத் திரும்பாத வெளிச்சம்

திருச்சி மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்த ஒளி நம் எதிரே குறுக்காகப் போனால் நமக்குத் தெரியாது. இருண்ட மண்டபத்தில் கூரை இடுக்கு வழியே விழும் வெயில், பட்டையாகத் தெரிகிறதே என்பீர்கள். தெரிவது தூசியும் சாம்பிராணிப் புகையும்தான். அவற்றில் பட்டு நம் பக்கம் திரும்பிய வெளிச்சம் மட்டுமே கண்ணுக்கு வருகிறது.

நள்ளிரவிலும் பூமிக்கு அப்பால் சூரிய ஒளி பாய்ந்தபடியேதான் இருக்கிறது. திருப்பிவிட அங்கே எதுவும் இல்லாததால் வானம் கறுத்துக் கிடக்கிறது. நிலா போன்றவற்றில் பட்டது மட்டும் நம்மிடம் வருகிறது. பகலில் காற்றின் மூலக்கூறுகளே அந்த வேலையைச் செய்கின்றன. சிவப்பைவிட நீலத்தை அவை பல மடங்கு அதிகம் சிதறடிப்பதால் வானம் நீலம்.

கடல்? அது வானத்தின் பிரதிபலிப்பு என்றே பெரிய விஞ்ஞானிகளும் சொல்லிவந்தார்கள். 1921-ல் ஒரு கப்பல் பயணத்தில், நிக்கோல் பட்டகம் ஒன்றால் அந்தப் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார் ஒருவர். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்றார். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன்தான் அவர்.

சிதறும்போது ஒளி நிறம் மாறுகிறதா என்று 1928-ல் கல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் செய்த சோதனையின் எளிமை இன்றும் வியக்கவைக்கிறது. தூசி நீக்கிய திரவத்துக்குள் வெயிலைக் குவித்துப் பாய்ச்சினார்கள். வரும் வழியில் ஊதாநீலக் கண்ணாடி, அதோடு மஞ்சள்பச்சைக் கண்ணாடி. ஒன்று விடுவதை மற்றொன்று தடுக்கும். ஆகவே திரவத்துக்குள் ஒளித்தடம் அடியோடு மறைந்தது. பிறகு மஞ்சள்பச்சைக் கண்ணாடியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவில் வைத்தார்கள். நிறம் மாறாமல் சிதறியிருந்தால் இப்போதும் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். தடம் மங்கலாகத் தெரிந்தது! உள்ளே போன ஊதாநீலத்தில் ஒரு துளி, வேறு நிறமாகி வெளியே வந்திருக்கிறது.

மூலக்கூறு அதிர்வதற்காக ஒளியிடமிருந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. ஆற்றலை இழந்த ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. எவ்வளவு நகர்கிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. சுமார் 60 திரவங்களில் பார்த்துவிட்டுத்தான் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார்கள். 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு.

பொருளைத் தொடாமலே அது இன்னதென்று சொல்லும் ராமன் நிறமாலைக் கருவிகள் இன்று மருந்து ஆய்வகங்களில் இருக்கின்றன. 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி இந்த முறையாலும் அங்குள்ள பாறைகளைச் சோதிக்கிறது.