ஒற்றை விதியில் ஒரு சிக்குக் கோலம்

கையெடுக்காமல் ஒரே இழையாக இழுக்கும் சிக்குக் கோலத்துக்குள் கறாரான கணக்கு இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974-லேயே கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். தாவர வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் வகுத்த முறையில் எழுதினால், ‘கிருஷ்ணரின் சிலம்பு’ எனப்படும் கோலம் ஒரே விதிக்குள் அடங்கிவிடும். பைத்தான் மொழியில் அதை வரைவது இப்படி:

1. எழுத்துகளை முடிவு செய்யுங்கள். ‘ம’ என்றால் ஓர் எட்டு முன்னே. ‘--’ என்றால் வலப்பக்கம் 90 பாகை திருப்பம். ‘க’ எதையும் வரையாது, வளர்வதே அதன் வேலை. பைத்தான் 3 தமிழை ஏற்கும். ஆனால் ‘மு’, ‘கோ’ போன்றவை வேண்டாம். அவற்றின் துணைக்குறியையும் தனி எழுத்தாக எண்ணி, நீளக் கணக்கைக் கெடுத்துவிடும்.

2. ‘க--க’ என்று தொடங்குங்கள். ஒவ்வொரு ‘க’வும் ‘கமக--கமக’ ஆக வேண்டும். ரிப்ளேஸ் கட்டளை ஒன்றே போதும்.

3. இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் சுற்றில் 4 ‘ம’ இருக்கும்; அடுத்தடுத்து 20, 84, 340 என்று பெருகும்.

4. ‘க’ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘--’ வரும் இடங்களில் ஸ்ப்ளிட் கொடுங்கள். ‘ம’, ‘மமம’ என இரண்டே வகைத் துண்டுகள் மிஞ்சும்.

5. பைத்தானின் வரைகருவியான டர்ட்டிலை 45 பாகையில் நிறுத்தி வரையத் தொடங்குங்கள். துண்டின் எழுத்து எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 20-ஆல் பெருக்கி ஃபார்வர்ட் கொடுங்கள். பிறகு சர்க்கிள் கட்டளையில் -10, 90 என்று கொடுத்தால் வலப்பக்கம் கால்வட்டம் வளையும். எல்லாத் துண்டுகளுக்கும் இதே வேலைதான்.

ஒன்றைக் கழிப்பது ஏன்? துண்டின் இரு முனைகளிலும் உள்ள கால்வட்டங்கள் ஆளுக்கு அரை எட்டை எடுத்துக்கொள்கின்றன. கழிக்காமல் விட்டால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும், சிக்கு இருக்காது.

6. சுற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு சுற்றில் வெறும் வட்டம் வரும். இரண்டாவதில் நான்கு மூலையிலும் சுழி விழும். சுழிக்கொன்றும் நடுவில் ஒன்றுமாக ஐந்து புள்ளி வைக்கலாம். மூன்றாவதில் வாசலை நிறைக்கும் கோலமே வந்துவிடும். எந்தச் சுற்றிலும் கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும்.

நிறம், தடிமன் எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் விதியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் இழை வேறு வழி போய்விடும். அப்படி மாற்றிப் பார்ப்பதுதான் அடுத்த பாடம், துணிந்து மாற்றுங்கள்.