கறையான் கற்பித்த கட்டடக் கலை

'கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது' என்பது நம்மவர் பழமொழி. பிறர் உழைப்பின் பயனைத் தாம் கவர்ந்துகொள்வாரைச் சுட்டி அவ்வாறு கூறுவர். ஆபிரிக்கக் கண்டத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரோ புற்றின் முன் மாணவனாக நின்றார். அவர் கற்ற பாடத்திலிருந்து எழுந்த மாளிகை இன்று பல நாடுகளின் மாணவர்க்குப் பாடமாய் விளங்குகின்றது.

சிம்பாப்வே நாட்டின் தலைநகராகிய ஹராரேயின் நடுவே, 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது ஈஸ்ற்கேற் நிலையம். கீழே கடைகள், மேலே காரியாலயங்கள். ஒன்பது மாடிகள் கொண்ட இரு கட்டடங்கள் எதிரெதிரே நிற்க, அவற்றின் இடைவெளியைக் கண்ணாடிக் கூரை மூடியிருக்கின்றது. இதனை வரைந்தவர் மிக் பியர்ஸ். பொறியியற் பணியை ஏற்றவர்கள் அறூப் நிறுவனத்தார். இத்துணைப் பெரிய காரியாலயத்திலே, வழக்கமாக நாம் காணும் குளிரூட்டி யந்திரத் தொகுதி இல்லை என்பதே வியப்பு.

யந்திரத்தை ஏன் விலக்கினர்? அதனையும் அதன் உதிரிப் பாகங்களையும் அந்நியச் செலாவணி கொடுத்தே இறக்குமதி செய்தல் வேண்டும். பழுது நேரின் பிறநாட்டாரின் கையை எதிர்பார்த்து நிற்றல் வேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலோ, கண்ணாடிச் சுவர்களால் ஆன கட்டடம் அடுப்பாகிவிடும். ஆகவே, செலவும் சிக்கலும் குறைந்த வழியை நாடினர்.

இரவின் குளிர், பகலின் சேமிப்பு

ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே பகல் வெப்பமாக இருப்பினும், இரவு நன்கு குளிர்ந்துவிடும். இந்த வேற்றுமையே கட்டடத்தின் மூலதனம்.

கோயிலின் கருங்கல் மண்டபம் இரவெல்லாம் குளிர்ந்து, வெயில் ஏறிய பின்னரும் அக்குளிர்ச்சியை விடாது வைத்திருப்பதை நாம் அறிவோம். ஈஸ்ற்கேற்றின் கனத்த கொங்கிறீற்றுத் தளங்களும் அவ்வாறே தொழிற்படுகின்றன. தளங்களின் கீழே காற்றுச் செல்லும் வெற்றிடங்கள் உண்டு. இரவில் விசிறிகள் வெளிக் காற்றை மிகுதியாக உள்ளே செலுத்துகின்றன. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழப் பத்து முறை உட்காற்று முழுதும் மாறுகின்றது. கொங்கிறீற்றும் குளிர்ந்துவிடுகின்றது. பகலில் விசிறிகளின் வேகம் தணிந்து, காற்று மணிக்கு இரு முறை மட்டுமே மாறுகின்றது. குளிர்ந்த தளத்தின் ஊடாக வரும் அக்காற்று, யன்னலின் அடியிலுள்ள துளைகளால் அறைக்குள் புகுகின்றது. மனிதர் உடலாலும் விளக்குகளாலும் சூடேறிய காற்று மேலெழுந்து, கூரையின்மீது வரிசையாக நிற்கும் 48 புகைபோக்கிகளின் வழியே வெளியேறுகின்றது.

வெயில் உட்புகுவதைத் தடுப்பதும் முக்கியமன்றோ? வெளிச்சுவரில் கண்ணாடியின் பங்கு கால் பங்குக்கு மேற்படவில்லை. முன்னே நீண்ட மறைப்புகளும் செடித் தொட்டிகளும் நிழல் தருகின்றன.

ஹராரேயிலுள்ள வேறு ஆறு கட்டடங்களோடு ஒப்பிட்டபோது, இங்கே செலவாகும் சக்தி மொத்தத்தில் 35 வீதம் குறைவு எனக் கணிக்கப்பட்டது. ஏறத்தாழ 3 கோடி 60 இலட்சம் டொலர் செலவில் எழுந்த கட்டடத்தில், குளிரூட்டி யந்திரத்தை விலக்கியதால் மட்டும் 35 இலட்சம் டொலர் மிச்சமாயிற்று.

குரு சொன்னதும் சீடர் கேட்டதும்

புற்றினுள்ளே சூடான காற்று மேலெழ, குளிர்ந்த காற்று கீழிருந்து புகுந்து கூட்டைக் குளிர்விக்கின்றது என்று அந்நாளில் நம்பப்பட்டது. அக்கருத்தே பியர்ஸின் சிந்தனைக்கு வித்தாயிற்று. ஆனால், ஸ்கொற் ரேணர், ரூபேட் சோர் என்னும் ஆய்வாளர் இருவர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை வேறு உண்மையைக் கூறிற்று. கறையான் கூட்டின் வெப்பநிலை சூழ்ந்துள்ள மண்ணின் வெப்பநிலையையே தொடர்கின்றது. மேலெழுந்து நிற்கும் புற்று, காற்றின் அசைவைப் பயன்படுத்தி மூச்சு விடும் நுரையீரலை ஒத்தது என்பது அவர்கள் முடிவு.

கருத்துப் பிழைபட்டது, கட்டடமோ பிழைபடவில்லை! காரணம் தெளிவு. அதனை வெற்றிபெறச் செய்தது புற்றின் உருவமன்று. ஹராரேயின் இரவுக் குளிரை அளந்து அறிந்து, அதற்கேற்பக் கணக்கிட்டு அமைத்த திறனேயாகும்.

நமக்கு உரிய பாடம்

ஆகவே, ஈஸ்ற்கேற்றை அப்படியே பெயர்த்துக் கொழும்பில் நாட்டிவிடலாமோ? ஆகாது. கொழும்பின் இரவு ஹராரேயின் இரவன்று. இங்கே இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. காற்றில் ஈரமும் மிகுதி. கொங்கிறீற்றில் சேமிப்பதற்குப் போதிய குளிர் இல்லை. நமக்கு வேண்டுவன நிழலும், ஓடும் காற்றும், வெயில் தாக்காத முகப்புமே. 1970களின் பிற்பகுதியில் ஜெப்ரி பாவா கொழும்பில் வரைந்த அரச ஈட்டு வங்கியின் பல மாடிக் கட்டடம், இயற்கைக் காற்றையும் வெளிச்சத்தையும் கருதியே அமைந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடு முற்றமும், ஆழ்ந்த திண்ணையும், தாழ்ந்த கூரையும் அவ்வறிவின் பழைய வடிவங்களே.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்கப் பணமின்றி, நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் இழந்திருந்ததை இந்நாட்டவர் எவரும் மறந்திரார். குளிரூட்டி நின்றதும் குடியிருக்க இயலாமற் போகும் மாடங்களை எழுப்புவது செல்வத்தின் அடையாளமாகாது. அது என்றும் தீராத கடனேயாகும்.

கட்டடக் கலை கற்கப் புகும் மாணவர் பிறநாட்டுப் படங்களைப் பார்க்கட்டும், குற்றமில்லை. பென்சிலை எடுக்குமுன், தம் ஊரில் காற்று எத்திசையிலிருந்து வருகின்றது, வெயில் எச்சுவரில் விழுகின்றது என்பதை ஓராண்டேனும் நின்று பார்ப்பாராக. ஈஸ்ற்கேற்றிலிருந்து நாம் இரவல் வாங்கத்தக்கது அந்தப் பழக்கம் ஒன்றே.